திரும்பி வராத பெட்டி

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதை யாரிடமாவது நான் பெருமையாகச் சொன்னால், பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர், "சம்பளம் குடுக்காட்டியும் அவ அதைத்தான் பண்ணுவா" என்பார். அதிலும் தப்பில்லை. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் எந்தக் கடையிலும் தண்ணீர் குடித்ததில்லை. கல்யாணத்துக்கு முன் அவரைப் பார்க்கப் போனபோதே சட்டையின் மூன்றாவது பொத்தான் வேறு நிறம் என்று சொன்னவள் நான்.

வேலை, ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில். பீங்கானில் செய்த கை அச்சுகள் வரிசையாக ரப்பர் பாலில் முங்கி எழுந்து, சூடான அறைக்குள் போய்க் காய்ந்து வெளியே வரும். அவற்றிலிருந்து உரித்த கையுறைகள் என் மேசைக்கு வரும். இடது கை ஒரு கூடையில், வலது கை ஒரு கூடையில். ஒன்றை எடுத்து, அதன் வாயைத் திருகிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல அழுத்துவேன். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்றுப் படும். நல்லதென்றால் இடதையும் வலதையும் ஜோடி சேர்த்துக் காகிதப் பட்டை போடுவேன். ஜோடி கிடைக்காத ஒற்றைகள் காலடியில் இருக்கும் சிவப்புத் தொட்டிக்குப் போகும். ஒரு நாள் ரப்பரின் நிறம் மறுநாள் ரப்பரோடு ஒத்துப்போகாது என்பதால் ஒற்றையை எடுத்துவைத்துக் காத்திருக்க முடியாது. ஷிப்டு முடிந்ததும் தொட்டியை அப்படியே வெட்டும் இயந்திரத்தில் கொட்டிவிடுவார்கள். ஓட்டை இல்லாத, ஒரு குறையும் இல்லாத கையுறைதான். ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

ஒன்பது வருடத்தில் நான் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கேட்காதவர்களிடமும் இதை நான் சொல்லிவிடுவேன்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போனபோதும் நான் அப்படித்தான் போனேன், சரக்கு பார்க்கப் போவதுபோல. ஸ்கேன் டாக்டரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. குட்டையாக முடி வெட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, வயிற்றில் குளிரக் குளிர ஜெல்லைத் தடவி, திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"கை ரெண்டு. கால் ரெண்டு. விரல் அஞ்சு, இந்தப் பக்கமும் அஞ்சு. முதுகெலும்பு நேரா இருக்கு. இதயத்துல நாலு அறையும் இருக்கு."

நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் நின்று, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டினார். அவருக்கு வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை. லாரியில் ஏற்றும்போது பட்டியலைப் படிக்கிற ஆளுக்கு இப்படித் தலையாட்டிப் பழக்கம். குழந்தைக்கு அவர் வைத்திருந்த பெயர்கூட பார்சல்தான்.

"கிட்னி" என்றார் டாக்டர். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது. கருவியைச் சாய்த்தார், அழுத்தினார், என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு வரச் சொன்னார். நடந்துவிட்டு வந்தேன். மறுபடியும் ஜெல், மறுபடியும் அதே மௌனம். என் மேசையில் நானும் இப்படித்தான், சந்தேகம் வந்துவிட்டால் பேச மாட்டேன். 

"இடது கிட்னி இருக்கு, நல்லா இருக்கு" என்றார் கடைசியில். "வலது பக்கம் எனக்குத் தெரியலம்மா."

"அந்தத் திரையை ஒரு தடவை துடைச்சுட்டுப் பாருங்க டாக்டர்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். ஆனால் டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு துணியை எடுத்துத் திரையை நிஜமாகவே துடைத்தார். துடைத்த பிறகும் அங்கே ஒன்றுதான் இருந்தது.

துணியை மடித்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "சில குழந்தைங்களுக்கு அது எடம் மாறிக் கீழ இருக்கும். சிலருக்கு ஒண்ணுதான் உருவாகும். ஒரு கிட்னியோட நிறையப் பேர் நல்லாவே வாழறாங்க. ஆனா இருக்கிற ஒண்ணு சரியா வேலை செய்யணும். குழந்தையைச் சுத்தி இருக்கிற தண்ணி குறையாம இருக்கணும். இப்பப் போதுமான அளவு இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பெரிய மெஷின்ல பாத்து உறுதியாச் சொல்றேன். அப்புறம் இது சில குடும்பத்துல வழிவழியா வர்றதுண்டு. அப்ப உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்."

ரெண்டு வாரம் என்பது எத்தனை பெரிய காலம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனதுக்குள் ஒரே கேள்விதான். நான் என்ன தப்பு பண்ணேன்? இரண்டாம் மாதத்தில் ஒரு பெட்டியைத் தூக்கினேன். ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினேன். ரப்பர் வாடையிலேயே நாள் முழுக்க நின்றிருந்தேன். சாப்பிடச் சொன்னபோது சாப்பிடவில்லை, தூங்கச் சொன்னபோது சீரியல் பார்த்தேன். பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. வேறு யாருடைய மேசையிலிருந்தாவது இப்படி ஒரு உருப்படி வந்திருந்தால் அந்த ஆளை நான் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். இப்போது அந்த ஆள் நான்.

பக்கத்தில் அவர் கைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தார். கண்ணாடிச் சாமான் பெட்டிகளில் ஒட்டுவது. "உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்" என்று எழுதியிருக்கும். அதை என் ஸ்கேன் ஃபைலின் மேல் ஒட்டி, மூலை மடியாமல் விரலால் தேய்த்தார்.

"இத்தனை வருஷத்துல நான் எதையும் உடைச்சதில்ல" என்றார். "பார்சல் பத்திரமா வந்து சேரும். நீ அழாத."

நான் அழவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

அழுது முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. குடும்பத்தில் வரும் என்று டாக்டர் சொன்னாரே. அப்படியென்றால் தப்பு என்னுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லையே. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நம்ம பக்கத்துல அந்தக் கதையே கிடையாது" என்றாள் அம்மா, பட்டென்று. "உங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சைக்கிள் ஓட்டினாரு. உன்னை நான் எப்படிப் பெத்தேன், தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு குறை சொல்லு பாப்போம். வாய் ஒண்ணுதான் கொஞ்சம் நீளம். நீ அவங்க பக்கம் கேளு."

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். துணி மடித்துக்கொண்டிருந்தவரை உட்காரவைத்து, ஒரு நோட்டில் அவர்கள் வம்சம் முழுவதையும் எழுதினேன். யார் எத்தனை வயதில் போனார், எதனால் போனார், சின்ன மாமனாருக்குக் கால் வீங்கியது எதனால்.

"வீங்கல, செருப்பு சின்னது" என்றார் மாமியார்.

அவருக்குப் பித்தப்பையில் கல் இருந்தபோது எடுத்த பழைய ஸ்கேன் அட்டையைத் தேடி எடுத்துவந்து என் முன் வைத்தார். இரண்டு கிட்னி, இரண்டும் நல்ல நிலையில். அப்போதும் நான் விடவில்லை. காலமாகிவிட்ட மாமனாரைப் பற்றிக் கேட்டேன்.

"கூடத்துல போட்டோ மாட்டியிருக்கு" என்றார் மாமியார். "எடுத்துட்டுப் போய் ஸ்கேன் பண்ணு."

மறுவாரம் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அதற்குள் அவரை ஃபிரிட்ஜ் தூக்கக் கூடாது, பீரோ தூக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். அவர் கூட வேலை பார்ப்பவர்கள் அவரிடம் தலையணைகளையும் பூந்தொட்டிகளையும் மட்டும் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். டாக்டர் பார்த்துவிட்டு, "கிட்னி ரெண்டும் அருமையா இருக்கு. கல்லீரல்ல மட்டும் கொஞ்சம் கொழுப்பு" என்றார்.

"கொழுப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும் டாக்டர்" என்றேன். "எங்க இருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"நீங்களும் படுங்க, அப்படியே பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

"எனக்கு வேண்டாம். எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உண்மையில், இவர் பக்கமும் இல்லை என்றால் பழி மறுபடி என் தலையில் வந்து விழுந்துவிடுமே என்ற பயம்.  அவர் வழியில் இரண்டு கடையில் வடிகட்டிய எண்ணெய் விலை விசாரித்துக்கொண்டு வந்தார்.

இத்தனைக்கும் நடுவில் நான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். கூடைகள் வந்தன, காற்று அடைத்தேன், கன்னத்தில் வைத்தேன், பட்டை போட்டேன். எதிலும் ஒரு பிசகும் இல்லை என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வாரத்தின் கடைசியில் சூப்பர்வைசர் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். எப்போதும் சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பதால் அவரை நாங்கள் ஸ்கேல் அக்கா என்போம். எதிரே கூப்பிட மாட்டோம்.

மேசையில் ஒரு ஜோடி கையுறை இருந்தது. நான் போட்ட பட்டை, நான் வைத்த முத்திரை. ஸ்கேல் அக்கா ஒன்றை ஸ்கேலால் தொட்டார்.

"இது எந்தக் கை?"

"இடது."

"இது?"

நான் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் இரண்டும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

"உன் சிவப்புத் தொட்டி பத்து நாளா காலியா இருக்கு" என்றார் ஸ்கேல் அக்கா. "கண்ணாடி மாதிரி வேலை நடக்குதுன்னு நானும் சந்தோஷப்பட்டேன். இப்ப மீன் மார்க்கெட்லேர்ந்து ஒரு அம்மா போன். ஒரு பெட்டியில முப்பத்தாறு ஜோடி ரெண்டும் இடதாம். அந்தம்மா போன்ல போட்ட சத்தத்துல நம்ம டெலிபோன் பொண்ணு பயந்தே போயிட்டா."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் வலது கை அச்சுகள் சில விரிசல் விட்டதால் இடது கை ஒற்றைகள் நிறைய வந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுப்பேன், காற்று அடைப்பேன். ஓட்டை இருக்காது, நன்றாக இருக்கும். தொட்டி பக்கம் கை போகும், போன கை திரும்பி வந்துவிடும். நன்றாக இருப்பதை எப்படி வெட்டுகிற இயந்திரத்துக்கு அனுப்புவது? பக்கத்தில் இன்னொரு ஒற்றை தனியாகக் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பட்டை போட்டுவிடுவேன். தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் செய்தது என் கைதான்.

ஸ்கேல் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்கேன், மௌனம், ஒரு கிட்னி, நோட்டில் எழுதிய வம்சம், நாளைக்கு மறுநாள் வரப்போகும் பெரிய மெஷின். அச்சு துடைக்கும் வெள்ளைத் துணி ஒன்றை அவர் நீட்டினார். மூக்கைச் சிந்தியதும் இன்னொன்று நீட்டினார்.

"வயித்துல இருக்கிறதுக்கு ஜோடி இல்லன்னா அது யார் தப்பும் இல்ல" என்றார். "கையுறைக்கு ஜோடி இல்லன்னா அது உன் தப்புதான். ரெண்டையும் போட்டுக் குழப்பாத. அந்தம்மாவுக்கு நீயே போன் பண்ணு. மன்னிப்பு கேட்டுட்டு பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லு."

ஒன்பது வருடக் கணக்கு அன்றோடு முடிந்தது என்று நினைத்தபடி எண்களை அழுத்தினேன். அந்தப் பக்கம் கத்தி பலகையில் விழும் சத்தம். அதற்கும் மேலே ஒரு குரல், காது கிழிகிற மாதிரி.

"யாரு?"

"கையுறைக் கம்பெனியிலேர்ந்து பேசறேங்க. அந்த இடது கைப் பெட்டி... அது என்னோட தப்புதான். மன்னிச்சிடுங்க. திருப்பி அனுப்பிடுங்க, வேற பெட்டி..."

"எதுக்குத் திருப்பி அனுப்பணும்?" என்றது குரல். "நாங்க இருபது பேரு மீன் வெட்டறோம். கத்தி பிடிக்கிற கையில கையுறை போட்டா வழுக்கும், யாரும் போட மாட்டோம். மீனைப் பிடிக்கிற கைக்குத்தான் வேணும். இடது கிழிஞ்சு போகும், வலது பிரிக்காமலே கெடக்கும். எத்தனை வருஷமா வலதை அள்ளிக் குப்பையில போட்டுட்டு இருக்கேன் தெரியுமா? இப்பதான் உங்க கம்பெனியில ஒருத்தருக்குப் புத்தி வந்திருக்கு."

"அப்ப நீங்க சத்தம் போட்டதா..."

"யாரு சத்தம் போட்டா? என் குரலே இதுதான். இன்னும் ரெண்டு பெட்டி இதே மாதிரி அனுப்பச் சொன்னேன், அந்தப் பொண்ணு போனை வச்சுட்டா. எங்ககிட்ட ஒரே ஒரு இடது கைப் பழக்கக்காரன் இருக்கான். அவனுக்கு மட்டும் பத்து வலது தனியா போடு."

போனை வைத்துவிட்டு ஸ்கேல் அக்காவைப் பார்த்தேன். அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை, அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. ஸ்கேலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"தப்பு தப்புதான்" என்றார். அப்புறம், "இன்னைக்குத் தொட்டியில விழற இடதைக் கொட்டச் சொல்லாத" என்றார்.

அன்று வீட்டில் வெகு நாள் கழித்து நான் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மாமியார் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பெரிய மெஷின் நாளில் மூவரும் போனோம். மாமியாரை வர வேண்டாம் என்றுதான் சொன்னோம். அவர் கேட்கவில்லை. அறைக்குள் ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். யார் வருவது என்று அம்மாவும் பிள்ளையும் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது, நான் தனியாகவே உள்ளே போய்விட்டேன். என்ன சொன்னாலும் முதலில் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று தோன்றியது.

டாக்டர் ஃபைலில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் படித்துச் சிரித்தார். மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வெகு நேரம் பார்த்தார். நான் மேற்கூரையின் சதுரங்களை எண்ணினேன். ஒன்றில் கறை இருந்தது. இன்னொன்றில் திருகாணி ஒன்று குறைந்தது.

"வலது இல்லம்மா. இப்ப உறுதியாச் சொல்லலாம்" என்றார் டாக்டர்.  "இங்க பாருங்க. இது இடது. இந்த மாசத்துக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் பெருசாவே இருக்கு. ஒரு ஆள் ரெண்டு ஆள் வேலையைப் பாக்குது. இது மூத்திரப்பை, இப்ப நிரம்பியிருக்கு பாருங்க. கொஞ்சம் இருங்க... ஆங், இப்ப காலி பண்ணிடுச்சு. சுத்தியும் தண்ணி தாராளமா இருக்கு."

என் குழந்தை என் கண்ணெதிரே ஒன்றுக்குப் போனது. உலகத்தில் வேறு எந்தத் தாயும் அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொள்ளப் பார்த்தது.

"நல்லா இருக்குமா டாக்டர்?"

"நல்லா இருக்கும். பொறந்ததும் ஒரு ஸ்கேன் பாக்கணும், அப்பப்ப செக் பண்ணணும். மத்தபடி ஓடும், ஆடும், உங்களை மாதிரி கேள்வி கேக்கும்."

"நான் என்ன தப்பு பண்ணேன்?" பதினைந்து நாளாக உள்ளே வைத்திருந்தது, வாய்விட்டு வந்துவிட்டது.

"ஒண்ணும் பண்ணல."

இதை எல்லோருக்கும் சொல்வார் என்று நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் கருவியை வைக்கப் போனவர், வைக்கவில்லை.

"உங்களை மட்டும் இன்னும் பாக்கலையே. படுத்திருக்கீங்க, ஜெல்லும் இருக்கு. அப்படியே திரும்புங்க."

"எங்க பக்கம் யாருக்கும்..."

"திரும்புங்கம்மா."

திரும்பினேன். இடது விலாவுக்குக் கீழே வைத்தார். "இதோ. நல்லா பெருசா இருக்கு" என்றார். மறுபக்கம் திரும்பினேன். கருவி போனது, வந்தது, சாய்ந்தது, அழுத்தியது. மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது. அந்த மௌனத்தை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

"திரையைத் துடைச்சுட்டுப் பாக்கட்டுமா?" என்றார் டாக்டர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. வயிறு குலுங்கிக் குலுங்கித் திரையில் எல்லாம் ஆடியது. இனிமேல் ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுக்க வேண்டும் என்று சிரிப்புக்கு நடுவிலேயே எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு வருடம். ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை. ஓடும் பேருந்தில் தொற்றியது எத்தனை முறை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள், என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

வெளியே பெஞ்சில் இருவரும் எழுந்து நின்றார்கள். மாமியாரின் கையில், நான் வம்சம் எழுதிய அதே நோட்டு. இன்னும் இரண்டு பெயர்கள் அவருக்கு ஞாபகம் வந்திருந்ததாம், டாக்டரிடம் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குழந்தை நல்லா இருக்கு" என்றேன். "ஒண்ணுதான். ஆனா அது நல்லா வேலை செய்யுது."

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவரின் தோள் நடுங்கியது. அவர் இத்தனை நாள் எனக்காகத்தான் தலையணை தூக்கிக்கொண்டு சிரித்தமுகமாக இருந்திருக்கிறார்.

"அத்தை" என்றேன். "அது உங்க பக்கத்துலேர்ந்து வரல. எனக்கும் ஒண்ணுதான் இருக்காம். என்னை மன்னிச்சிடுங்க."

மாமியார் என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாக ஒரு முறை பார்த்தார். நான் கையுறையைப் பார்ப்பதுபோல.

"ஒண்ணை வச்சுக்கிட்டே இந்தப் பேச்சா" என்றார். "ரெண்டு இருந்திருந்தா நாங்க என்ன ஆயிருப்போம்."

சொல்லிவிட்டு என் நெற்றியில் வேர்வையோடு ஒட்டிக்கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். வண்டிச் சத்தத்தில் காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்றதும் அம்மா நீளமாக மூச்சு விட்டாள். எனக்கு ஒரு கிட்னிதான் என்றதும் அந்த மூச்சு நின்றுவிட்டது. ஹலோ, ஹலோ என்றேன். அப்புறம் வந்த குரல் நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரல்.

"நான் என்னடி தப்பு பண்ணேன்?"

நான் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"நீ வயித்துல இருக்கிறப்ப மாடிப்படியில ஒரு தடவை சறுக்கினேன்" என்றாள் அம்மா. "டாக்டர்கிட்டகூடச் சொல்லல. உங்கப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா சாப்பிடல. மாத்திரை கசக்குதுன்னு ஜன்னல் வழியா போட்டேன், ரெண்டு மூணு தடவை..."

முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பட்டியல். நேற்றுத்தான் எழுதியதுபோல வரிசை தப்பாமல் வந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு அம்மாவின் மேல் அப்படி ஒரு பரிதாபம். என்னைச் சுமந்து, பெற்று, இவ்வளவு பெரியவளாக்கிவிட்டு, ஒரு படிக்கட்டைப் போய் நினைத்துக்கொண்டிருக்கிறாளே.

"அம்மா, நிறுத்து" என்றேன். "நீ ஒண்ணும் பண்ணல. படியும் இல்ல, மாத்திரையும் இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. டாக்டர் சொன்னபோதும், ஸ்கேல் அக்கா சொன்னபோதும் நம்பாததை, என் வாயாலேயே கேட்டபோது நம்பிவிட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உள்ளே ஒரு உதை கிடைத்தது.

அம்மா இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்கவைக்காமல் போனை வைக்க எனக்கு மனசில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றேன். "இத்தனை வருஷத்துல யாராவது என்னைத் திருப்பி அனுப்பினாங்களா?"

அம்மா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"உங்க மாமியார் ரெண்டு தடவை கேட்டுப் பாத்தாங்க" என்றாள். "நான்தான் எடுத்துக்க மாட்டேன்னுட்டேன்."

பக்கத்தில் நின்ற மாமியார் போனை நோக்கிக் குனிந்தார்.

"மூணு தடவை" என்றார். "அதெல்லாம் அப்போ. இனிமே கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

பேருந்து வந்தது. என் வீட்டுக்காரர் ஃபைலிலிருந்த சிவப்பு ஸ்டிக்கரை உரித்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும், பார்சலும் ஏறினோம். நான் நின்றுகொண்டே வருகிறேன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.